துருவின் மேல் பூசிய வண்ணம்

 

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், ஒரு கேடயம் தொங்குகிறது. வட்ட வடிவம், விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என மூன்று வளையங்கள், நடுவே நீல வட்டம், அதனுள் ஐந்து முனைகள் கொண்ட வெண்ணிற நட்சத்திரம். வீட்டுக்கு வரும் சிறுவர்கள் அதைக் கண்ட மாத்திரத்தில் இன்னதென்று அறிந்து கொள்கின்றனர். பெரியவர்களோ, "எந்தப் போட்டியில் கிடைத்த கேடயம், ஹஜ்ரத்?" என்று கேட்கின்றனர். நம் ஊர்களில் கேடயம் என்றாலே பள்ளி விழாவில் தரும் பரிசுதானே!

அது எந்தப் போட்டியிலும் வென்றதன்று. கட்டட வேலையில் சித்தாட்கள் தலையில் சாந்து சுமக்கும் இரும்புச் சட்டி அது. அதைக் கேடயமாக்க முனைந்த நாட்களில் நான் கற்ற பாடத்தைத் தங்களுடன் பகிர்ந்து கொள்ளவே இதை எழுதுகிறேன். பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பங்கு இருக்கக்கூடும்.

மகன் கேட்டான், என்னிடமன்று!

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நடந்தது இது. எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகனின் பள்ளியில் இலக்கிய மன்ற விழா வந்தது. திரைப்படங்களில் உலகைக் காக்கும் வீரர்கள் எல்லாம் ஒன்றுகூடி, குப்பை மண்டிய ஓர் ஊர்க்குளத்தைத் தூர்வார வருவதாகப் பிள்ளைகள் நாடகம் ஒன்றை எழுதியிருந்தனர். அதில் 'கேப்டன் அமெரிக்கா' என்னும் வீரனாக நடிக்க என் மகனைத் தேர்ந்திருந்தனர். அந்த வீரனுக்கு அடையாளமே கையிலுள்ள வட்டக் கேடயம்தான். ஆடித்தபசுத் திருவிழாக் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் கேடயம் வேண்டாம், தட்டினால் ஓசை எழுகின்ற இரும்புக் கேடயம்தான் வேண்டும் என்பது அவனது ஆசை.

இதை அவன் என்னிடம் கேட்கவில்லை. தன் உம்மாவிடம் கேட்டான். உம்மா என்னிடம் சொன்னாள். காரணம் எனக்குத் தெரிந்தே இருந்தது.

அதற்கு முந்திய வாரம் முதல் இடைப்பருவத் தேர்வின் கணக்குத் தாள் வந்திருந்தது. 50க்கு 14 மதிப்பெண். அன்று மாலை மத்ரஸாவில், ஓத வந்திருந்த பிள்ளைகள் அனைவருக்கும் முன்னால் அந்தத் தாளை உயர்த்திப் பிடித்து, "ஹஜ்ரத்தின் மகன் வாங்கியிருக்கும் மதிப்பெண்ணைப் பாருங்கள்!" என்று சொன்னேன். பிள்ளைகள் சிரிக்கக்கூட இல்லை. தலையைக் குனிந்து கொண்டனர். அவன் மட்டும் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான். அன்று முதல் 'ஆம்', 'இல்லை' என்னும் இரு சொற்களைத் தவிர வேறெதையும் அவன் என்னிடம் பேசவில்லை.

பிறர் வீட்டுப் பிள்ளை ஓர் எழுத்தின் உச்சரிப்பில் பத்து முறை தடுமாறினாலும் பதினோராம் முறை சிரித்த முகத்தோடு திருத்துகிறவன் நான். என் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அந்தப் பொறுமையை நான் ஏன் தரவில்லை? இந்தக் கேள்வி அப்போது எனக்குள் எழவேயில்லை.

ஆயினும் அவன் மனத்தைக் குளிர்விக்க ஒரு வழி கிடைத்ததென்று எண்ணினேன். குளியலறைச் சுவர் கட்டியபோது மிஞ்சிய சாந்துச் சட்டி ஒன்று கொல்லைப்புறத்தில் கவிழ்ந்து கிடந்தது. ஏறக்குறைய 15 அங்குல விட்டம். பதின்மூன்று வயதுச் சிறுவனின் முழங்கையிலிருந்து தோள்வரை மறைப்பதற்குப் போதுமான அளவு. முதுகுப்புறம் கேடயத்துக்கு உரிய வளைவோடு இருந்தது. "நாமே செய்துவிடலாம்" என்றேன். விழாவுக்குப் பதினெட்டு நாட்கள் இருந்தன.

அவசரத்தின் கைவேலை

நாமே செய்வோம் என்று சொன்னேனே தவிர, செய்தவன் நான்; பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். சட்டியில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுத்தியலால் தட்டி உதிர்த்தேன். துருவை உப்புத்தாளால் மேலோட்டமாகத் தேய்த்தேன். பள்ளங்களில் பழுப்பு நிறம் எஞ்சியிருந்தது. "அதன் மேல்தான் வண்ணம் வரப்போகிறதே, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வீட்டிலிருந்த வெள்ளை எனாமல் பெயிண்டைத் தடிமனாகப் பூசி வைத்தேன். மறுநாள் மாலை, மேற்பரப்பு காய்ந்தது போலத் தோன்றியதால், கடையிலிருந்து வாங்கி வந்த சிவப்பு ஸ்பிரே டப்பாவை அதன் மேல் அடித்தேன்.

மூன்றாம் நாள் சுபுஹுக்குப் பின் வந்து பார்த்தபோது, ஆறிய பாலின் மேல் படியும் ஆடை போல வண்ணம் முழுவதும் சுருங்கி எழும்பியிருந்தது. விளிம்பில் ஓரிடத்தில் ஒரு சில்லாகப் பெயர்ந்து, அடியில் பழுப்புத் துரு தெரிந்தது. பக்கத்தில் என் மகன் நின்றிருந்தான்.

"காயும் முன்னே கை வைத்தாயா?" என்று கத்தினேன்.

"இல்லை, வாப்பா."

"நீ தொடாமல் இது எப்படி இப்படியாகும்?"

அவன் மறுபடியும் 'இல்லை' என்று சொல்லவில்லை. உள்ளே போய்விட்டான்.

மதிப்புக்குரிய வாசகர்களே! செய்த குற்றத்துக்குக் கண்டிக்கப்படும் பிள்ளை அழும். கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். செய்யாத குற்றத்துக்குக் குற்றவாளியாக்கப்படும் பிள்ளை அழுவதில்லை. அது தன் கதவைச் சாத்திக்கொள்கிறது.

கடைக்காரரின் தீர்ப்பு

பெயிண்டில் கலப்படம் இருக்குமோ என்ற ஐயத்துடன் சட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குச் சென்றேன். வயதில் மூத்த அந்தக் கடைக்காரர் நகத்தால் இரண்டிடங்களில் சுரண்டிப் பார்த்தார். "யாரும் தொட்டதால் வந்த கோளாறு இல்லை ஹஜ்ரத். பெயிண்டிலும் குறையில்லை" என்று சொல்லி, இரண்டு தவறுகளை எடுத்துக் காட்டினார்.

முதலாவது, எனாமல் உலரும் முறை. அதிலுள்ள டர்பெண்டைன் ஆவியாகிப் போனவுடன் தொட்டால் ஒட்டாத நிலை வந்துவிடும். ஆனால் காற்றிலுள்ள பிராணவாயுவை மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டுதான் அது உள்ளே இறுகும். அதற்குப் பல நாட்கள் வேண்டும். தடிமனாகப் பூசினால் மேல்தோல் மட்டும் இறுகி, உள்ளே பச்சையாகவே இருக்கும். ஸ்பிரே டப்பாவிலோ தின்னர் வகையைச் சேர்ந்த வீரியமான கரைப்பான் இருக்கிறது. இறுகாத எனாமலின் மேல் அது பட்டால், அடிப்பூச்சை ஊறவைத்துக் கிளப்பிவிடும். சுருக்கம் அதனால் வந்தது.

இரண்டாவது, துரு. இரும்பு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து துருவாக மாறும்போது, முன்பிருந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. துருவின் மேல் பூசிய வண்ணம் இரும்பைப் பற்றி நிற்பதில்லை. உதிரும் பொடியைப் பற்றியே நிற்கிறது. ஈரம் புகுந்தால் துரு வளர்ந்து வண்ணத்தைத் தூக்கி எறிந்துவிடும். "மேலே எத்தனை கோட் அடித்தாலும் அடியில் இருப்பதுதான் ஜெயிக்கும்" என்றார் அவர்.

திரும்பி வரும் வழியெல்லாம் திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயமாகிய 'அல் முதஃப்பிஃபீன்' என் நினைவில் வந்தது. மனிதர் செய்த வினைகளே அவர்களின் உள்ளங்களின் மேல் துருவாகப் படிந்துவிட்டன என்று அதன் 14ஆவது வசனம் கூறுகிறது. அடியான் ஒரு பாவம் செய்யும்போது அவனது உள்ளத்தில் ஒரு கரும்புள்ளி விழுகிறதென்றும், அவன் விலகி மன்னிப்புக் கோரினால் அது துலக்கப்படுகிறதென்றும், மீண்டும் செய்தால் புள்ளிகள் பெருகி உள்ளத்தையே மூடிவிடுகின்றன என்றும், இறைவன் கூறிய துரு அதுவே என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கிய ஹதீஸ் திர்மிதியில் இடம்பெற்றுள்ளது. இந்த ஹதீஸை எத்தனை ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்திருப்பேன்! கையில் துருவேறிய சட்டியைச் சுமந்து நடந்த அன்றுதான் அது என்னை நோக்கித் திரும்பியது.

கணக்குத் தாளை உயர்த்திப் பிடித்தது ஒரு துரு. அதைத் துடைக்காமல், கேடயம் செய்து தருகிறேன் என்று அதன் மேல் வண்ணம் பூச வந்தவனல்லவா நான்!

அன்றிரவு இஷாவுக்குப் பின் மகனை அழைத்தேன். "கடைக்காரர் சொல்லிவிட்டார். தவறு முழுவதும் என்னுடையது. நீ தொடவில்லை என்று சொன்னாய், நான் நம்பவில்லை. அதற்காகவும், மத்ரஸாவில் உன்னைத் தலைகுனிய வைத்ததற்காகவும் என்னை மன்னித்துவிடு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் நா வறண்டுவிட்டது. மேடையில் மன்னிப்பின் சிறப்பைப் பேசுவது எளிது. பெற்ற பிள்ளையிடம் அதைக் கேட்பது எளிதன்று.

அவன் நெடுநேரம் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா, வாப்பா?" என்று கேட்டான்.

முதலிலிருந்து...

இம்முறை உண்மையாகவே இருவரும் செய்தோம். வாசகர்களில் எவரேனும் தம் பிள்ளைகளுடன் இத்தகைய வேலையில் இறங்க விரும்பினால் பயன்படும் என்பதற்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் மூன்று நாட்களும் உரித்தெடுப்பதிலேயே கழிந்தன. சுருங்கிய வண்ணத்தைப் பட்டித் தகட்டால் சுரண்டினோம். பிறகு கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தோம். அதன்பின் 80ஆம் எண் உப்புத்தாள், அடுத்து 120, அடுத்து 220 என்று கரடுமுரடானதிலிருந்து மென்மையானதற்குப் போனோம். தூசி பறக்காமலிருக்க நீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரையே பெரும்பாலும் பயன்படுத்தினோம். மூக்கையும் வாயையும் மூடி, திறந்த வெளியில் அமர்ந்தே செய்தோம். வீட்டில் கிடக்கும் மிகப் பழைய பெயிண்டைச் சுரண்டுவோர் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும்; அதன் தூசி சிறுவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாதென்று நம் நாட்டில் விதி வந்தது 2016இல்; அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். ஆகவே புதிய டப்பாவை வாங்கும்போதும் அதன் மேலுள்ள குறிப்பைப் படித்து வாங்குவதே நலம்.

வண்ணம் தொடும் முன்பே துளைகளையும் இட்டுவிட வேண்டும். வெல்டிங் பட்டறை ஒன்றில் நான்கு துளைகள் போட்டு வாங்கினோம். கூரான விளிம்பை அரத்தால் ராவி மழுக்கினோம். பிறகு சோப்புத் தூளால் கழுவி, உடனே துடைத்து வெயிலில் உலர்த்தி, டர்பெண்டைன் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்தோம். விரலின் எண்ணெய்ப் பசை பட்டால்கூட அந்த இடத்தில் வண்ணம் பிடிக்காது. சுத்தமான இரும்பை ஒரு நாள் வெறுமனே விட்டால் மீண்டும் மஞ்சள் பூத்துவிடும். ஆகவே அன்றைக்கே செங்காவி நிறமுள்ள ரெட் ஆக்சைடு பிரைமரை மெல்லியதாகப் பூசி, மறுநாள் இன்னொரு பூச்சும் கொடுத்தோம்.

உரித்தெடுத்த மூன்று நாட்களில் இரண்டாம் நாள் என்று நினைக்கிறேன். இருவர் கைகளும் தேய்த்துக்கொண்டிருந்தன. இருவர் கண்களும் சட்டியின் மேலேயே இருந்தன. அப்போது அவன் தானாகவே சொன்னான்: "வாப்பா, கணக்கு எனக்குத் தெரியும். பின் பெஞ்சிலிருந்து பார்த்தால் போர்டில் எழுதுவது கலங்கலாகத் தெரிகிறது. 3 என்று எழுதினாரா 8 என்று எழுதினாரா என்று புரிவதில்லை. தேர்வுக்குக் கேள்விகளையும் போர்டில்தான் எழுதிப் போட்டார்கள்."

"ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை?" என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. சொல்வதற்கு அவனுக்கு நான் எங்கே இடம் வைத்திருந்தேன்? பத்தாண்டுகள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், அத்தனை காலத்திலும் தம்மை நோக்கி 'சீ' என்றோ, இதை ஏன் செய்தாய், அதை ஏன் செய்யவில்லை என்றோ அவர்கள் ஒரு முறைகூடக் கேட்டதில்லை என்று அறிவித்துள்ளார்கள். பணிக்கு வந்த சிறுவருக்கே அந்தக் கண்ணியம்! என் வீட்டுச் சிறுவனுக்கோ பதினைந்து நாட்களில் எத்தனை 'ஏன்'கள்!

அந்த வார வெள்ளிக்கிழமையே திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்று கண்களைச் சோதித்தோம். இரு கண்களிலும் கிட்டப்பார்வை. கண்ணாடி அணிந்து வெளியே வந்தவன், சாலைக்கு எதிர்ப்புறமிருந்த கடைப் பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துக்கொண்டே வந்தான். நான் பேசாமல் அவன் பின்னே நடந்தேன்.

காய்வதற்குக் காத்திருந்தபோது

பிரைமரின் மேல் வெள்ளை எனாமலை மூன்று மெல்லிய பூச்சுகளாகக் கொடுத்தோம், நாளுக்கு ஒன்று வீதம். எங்கள் ஊரில் இதற்கொரு தனி இடையூறு உண்டு. சங்கரன்கோவில் விசைத்தறிகளின் ஊர். தறி ஓடத் தொடங்கினால் தெருவெங்கும் பஞ்சுத் துகள் மிதக்கும். ஆடிக் காற்றோ மேற்கு மலையிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வரும். ஈரமான வண்ணத்தின் மேல் இரண்டும் வந்து அமர்ந்துவிடும். ஆகவே சுபுஹுத் தொழுகை முடித்து வந்தவுடன், தறிகளும் காற்றும் ஓய்ந்திருக்கும் அந்த அரைமணி நேரத்தில், கதவை அடைத்துக்கொண்டு பூசுவதென்று முடிவு செய்தோம். நான் எழுப்பாமலே அவன் எழுந்து பள்ளிவாசலுக்கு உடன் வந்த நாட்கள் அவை.

பூசுவதற்குப் பத்து நிமிடம். காய்வதற்கு ஒரு நாள். அந்த இடைவேளைகளில் நிறையப் பேசினோம். "இந்த வீரனை யார் படைத்தது?" என்று கேட்டேன். அவன் சொன்னதையும், பின்னர் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஜோ சைமன், ஜாக் கிர்பி என்னும் இரு அமெரிக்க இளைஞர்கள் உருவாக்கிய சித்திரக்கதை இது. முதல் இதழ் 1941 மார்ச் என்னும் தேதியிட்டு வெளிவந்தது. அதன் அட்டையிலேயே அந்த வீரன் ஹிட்லரைக் குத்துவதாக வரைந்திருந்தனர். அமெரிக்கா அந்தப் போரில் அப்போது இறங்கவேயில்லை. முதல் இதழில் கேடயம் கீழ்நோக்கிக் குறுகிய வடிவில் இருந்தது. இரண்டாம் இதழில்தான் வட்டமானது. 2011இல் வந்த திரைப்படத்தால் நம் வீட்டுப் பிள்ளைகள் வரை அது வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த நாட்டுக் கொடியின் நிறங்களை என் மகன் கையில் ஏந்துவதா என்னும் தயக்கம் எனக்கு இருந்தது, மறைப்பானேன்? அந்த நாட்டின் படைகள் நடத்திய போர்களைக் குறித்து நம் வீடுகளில் பேசப்படுவதை அவனும் கேட்டு வளர்ந்தவன்தான். அவனிடமே கேட்டேன். "கொடுமை செய்பவன் யாராயிருந்தாலும் தடுப்பதற்குத்தானே வாப்பா கேடயம்? அது எந்த நிறமாயிருந்தால் என்ன?" என்றான். கேடயத்தில் உயிருள்ள எதன் உருவமும் இல்லை. வட்டங்களும் ஒரு நட்சத்திரமும்தான். ஆகவே மார்க்க அடிப்படையிலும் எனக்கு மனச்சங்கடம் எழவில்லை.

பதிலுக்கு, நம் பக்கத்துக் கேடயங்களின் கதைகளை நான் சொன்னேன். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள நெற்கட்டும்செவலில் கோட்டை கட்டி ஆண்ட பூலித்தேவரை 1755ஆம் ஆண்டு தாக்கிய கும்பினிப் படை வெற்றி காணாமல் திரும்பியது. 1761இல் அந்தக் கோட்டையைக் கைப்பற்றியவர் யூசுப் கான். அதே யூசுப் கான் பின்னர் கும்பினியையே எதிர்த்து நின்று 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய வீரர்கள் ஏந்திய 'தால்' என்னும் வட்டக் கேடயத்தில், முன்புறம் நான்கு குமிழ்கள் இருக்கும். அழகுக்காக வைத்தது போலத் தோன்றும். உண்மையில் உட்புறத்துக் கைப்பிடிகளைப் பிணைக்கும் ஆணிகளின் தலைகளை மூடுபவை அவை. நாங்கள் சட்டியில் நான்கு துளைகள் இட்டதும் அந்த முறையைப் பின்பற்றித்தான்.

உஹதுப் போர்க்களத்தில் அபூதல்ஹா (ரலி) அவர்கள் தமது தோல் கேடயத்தால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மறைத்து நின்ற நிகழ்ச்சியைச் சொன்னபோது மகன் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான். அந்த அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் வளர்ந்தவர்தாம் முன்னர் நாம் கண்ட அனஸ் (ரலி) அவர்கள். கேடயம் ஏந்துகிறவன் தன்னை மட்டும் மறைத்துக்கொள்வதற்காக அதை ஏந்துவதில்லை. நோன்பைக்கூட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேடயம் என்றுதான் சொன்னார்கள். நோன்பாளியை எவரேனும் வம்புக்கு இழுத்தால், தான் நோன்பாளி என்று சொல்லி அவன் விலகிக்கொள்ள வேண்டும் என்றும் கற்பித்தார்கள். எதிரியிடமிருந்து காப்பது இரும்புக் கேடயம். நம் சினத்திடமிருந்து பிறரைக் காப்பது அந்தக் கேடயம். மல்யுத்தத்தில் வீழ்த்துகிறவன் வீரனல்லன், சினம் வரும்போது தன்னை அடக்குகிறவனே வீரன் என்ற நபிமொழியை மகனுக்குச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் என் குரல் தாழ்ந்துவிட்டது.

நட்சத்திரம் வந்த விதம்

இரும்பை மென்மையாக்கித் தந்து, கவசங்களைச் செய்யுமாறும் அவற்றின் வளையங்களைச் சரியாக அளவிடுமாறும் தாவூது நபி (அலை) அவர்களுக்கு இறைவன் ஆணையிட்டதைத் திருக்குர்ஆனின் 34ஆவது அத்தியாயத்தில் காண்கிறோம். நபிக்கே அளவைக் கற்பித்த வேதமல்லவா நம்முடையது!

எங்கள் வேலையில் அளவுப் பொறுப்பை மகன் ஏற்றுக்கொண்டான். 50க்கு 14 வாங்கிய அதே கணக்குதான்! வட்டத்தில் இரண்டு நாண்களை வரைந்து, அவற்றின் செங்குத்து இருசமவெட்டிகள் சந்திக்கும் இடத்தை மையமெனக் குறித்தான். நூலின் ஒரு முனையை அந்தப் புள்ளியில் அவன் விரலால் அழுத்திக்கொள்ள, மறுமுனையில் பென்சிலைக் கட்டி நான் சுற்றி வந்தேன். நடுவட்டத்துக்கு 3 அங்குல ஆரம். அதற்கு வெளியே ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று வளையங்கள். பாகைமானியால் 72 பாகைக்கு ஒரு புள்ளி வீதம் ஐந்து புள்ளிகள் வைத்து, ஒன்றுவிட்டு ஒன்றை இணைத்தபோது நட்சத்திரம் பிறந்தது.

வெள்ளைப் பூச்சை இரண்டு முழு நாட்கள் இறுக விட்டோம். பின்னர் நட்சத்திரத்தையும் வெள்ளை வளையத்தையும் மாஸ்கிங் டேப்பால் மறைத்தோம். அகலமான டேப் வளைவில் மடிந்துவிடும். கால் அங்குல நாடாக்களாக வெட்டி ஒட்டினால் வட்டத்தோடு இணங்கிச் செல்லும். ஓரங்களை நகத்தால் நன்றாக அழுத்த வேண்டும். இல்லையேல் வண்ணம் அடியில் கசியும். முதலில் சிவப்பு, அது நன்கு காய்ந்த பின் சிவப்பை மறைத்து நீலம். ஸ்பிரே டப்பாவை இம்முறை தொடவில்லை. முதலிலிருந்து கடைசிவரை ஒரே வகை எனாமல்தான், மென்மையான பிரஷ்தான். வண்ணம் முற்றிலும் இறுகுவதற்கு முன்பே டேப்பை மெல்லச் சாய்த்து உரிக்க வேண்டும். முழுவதும் காய்ந்தபின் உரித்தால் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரும். மேலே வார்னிஷ் பூசவில்லை. நாளடைவில் அது வெள்ளையை மஞ்சளாக்கிவிடும்.

நட்சத்திரத்தின் மேலிருந்த டேப்பை அவன்தான் உரித்தான். ஒரு முனையில் மட்டும் நீலம் இம்மியளவு கசிந்திருந்தது. "திருத்தி விடலாமா?" என்று கேட்டேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தவன், "இருக்கட்டும் வாப்பா. நாம் செய்தது என்று தெரியட்டும்" என்றான்.

பழைய புத்தகப்பையின் வார்களைக் கைப்பிடிகளாக நான்கு போல்ட்டுகளில் பிணைத்தோம். விளிம்பைச் சுற்றிலும் சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிப் பொதிந்தோம். இரும்பு என்பதால் பிறர் மேல் வீசவோ இடிக்கவோ கூடாதென்று அவனிடம் உறுதி வாங்கிக்கொண்டேன். திரைப்படக்காரர்களே சண்டைக் காட்சிகளுக்கு மென்மையான ரப்பர் கேடயங்களையும் செய்து வைத்துக்கொள்கிறார்களாமே!

விழாவன்று மூக்குக்கண்ணாடி அணிந்த 'கேப்டன் அமெரிக்கா' மேடைக்கு வந்தபோது அரங்கில் ஒரு சிரிப்பு எழுந்தது. அவன் தலைகுனியவில்லை. கேடயத்தை முன்னே நிறுத்தி, தனக்குரிய வசனங்களைத் தெளிவாகப் பேசினான். எதிராளியின் மரக்கத்தி கேடயத்தில் பட்டு, அவன் விரும்பிய அந்த ஓசை எழுந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தோம். சிறு கீறலைத் தவிர, வண்ணம் எங்கும் பெயரவில்லை. அடுத்த நாள் முதல் அவனை முன்வரிசையில் அமர்த்துமாறு ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன். மத்ரஸாவிலும், முன்னர் எந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் அவனைச் சிறுமைப்படுத்தினேனோ, அதே பிள்ளைகளுக்கு முன்னால், அன்று நான் செய்தது தவறென்று சொன்னேன். அந்தத் துருவையும் துடைத்தாக வேண்டுமல்லவா?

அன்புச் சகோதர சகோதரிகளே! நம் பிள்ளைகளுக்கு நல்ல உடை, நல்ல பள்ளி, நல்ல பேச்சு என்று மேற்பூச்சுகளை அடுக்கடுக்காகப் பூசுகிறோம். அடியில் நாம் விட்டுவைத்த சுடுசொல் ஒன்று இருக்குமானால் முதலில் அதைச் சுரண்டி எடுப்போம். அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. பிறகு பூசுவோம், மெல்லியதாக, ஒவ்வொரு பூச்சும் காயும்வரை பொறுத்திருந்து பூசுவோம்.

கேடயத்தின் பின்புறத்தில் வண்ணம் எதுவும் பூசவில்லை. செங்காவிப் பிரைமரோடு அப்படியே விட்டிருக்கிறோம். முன்புறம் வீட்டுக்கு வருவோர் பார்ப்பதற்கு. பின்புறத்தில் துரு ஏறுகிறதா என்று மாதம் ஒரு முறை கழற்றிப் பார்ப்பதை என் பொறுப்பாக மகன் ஒதுக்கித் தந்திருக்கிறான். இன்றுவரை ஏறவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வல்ல இறைவன் நம் உள்ளங்களையும், நம் மக்களின் உள்ளங்களையும் துருப்படியாமல் காத்தருள்வானாக! ஆமீன்.